பனிக்கட்டி உதாரணம் உங்கள் தம்பியுடையது

கேள்வி: நான் திரித்துவத்தை அறிக்கையிடும் சபையில் பிறந்து வளர்ந்தவள். என் தம்பி இரண்டு ஆண்டுகளுக்கு முன், ‘தேவன் ஒருவரே, அவர் இயேசுவே’ என்று போதிக்கும் பெந்தெகொஸ்தே சபை ஒன்றில் சேர்ந்தான். “நீங்கள் மூன்று தெய்வங்களைக் கும்பிடுகிறீர்கள். திரித்துவம் என்ற சொல்லே வேதத்தில் கிடையாது” என்கிறான். தண்ணீர், பனிக்கட்டி, நீராவி உதாரணத்தைச் சொன்னேன், சிரித்தான். 1 யோவான் 5:7-ஐக் காட்டினேன். பிற்காலத்தில் யாரோ சேர்த்தது என்றான். இப்போது எங்கள் அம்மா பெற்ற ஞானஸ்நானம் செல்லாது, இயேசுவின் நாமத்தில் மறுபடியும் எடுக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறான். எங்கள் போதகர் அவனோடு சேர்ந்து ஜெபிக்கவே கூடாது என்கிறார். என் கணவர் அவனை வீட்டுக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். யார் பக்கம் நியாயம்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

திருச்சபை வரலாறு கற்பிப்பது என் தொழில். நான் திரித்துவத்தை விசுவாசிக்கிறவன். என் சாய்வு எந்தப் பக்கம் என்று நீங்கள் வரிக்கு வரி தேடிக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காக இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லிவிட்டு, உங்கள் தம்பி சிரித்ததில் நியாயம் இருக்கிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே தண்ணீர் குளிரில் பனிக்கட்டியாகிறது, சூட்டில் ஆவியாகிறது. அப்படியானால் ஒருவரே ஒரு வேளையில் பிதாவாகவும் மறு வேளையில் குமாரனாகவும் வேறொரு வேளையில் ஆவியானவராகவும் தோன்றுகிறார் என்றாகிறது. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோமில் போதித்த சபெல்லியுஸ் என்பவரின் பெயரால் அறியப்படும் கொள்கை ஏறக்குறைய இதுதான். திருச்சபை அதைத் தள்ளிவிட்டது. நீங்கள் திரித்துவத்துக்காக வாதாடுவதாக எண்ணிக்கொண்டு, தம்பியின் பக்கத்துக்கு நெருக்கமான கொள்கையை அவனிடமே எடுத்துச் சொல்லியிருக்கிறீர்கள். ஞாயிறு பள்ளிகளில் இந்த உதாரணத்தைக் கேட்டு வளராதவர்கள் குறைவு. பிரசங்க பீடங்களிலிருந்தும் கேட்டிருக்கிறேன். இயேசு ஞானஸ்நானம் பெற்ற யோர்தான் நதிக் காட்சியை நினைத்தாலே இது உடைந்துபோகும். குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவியானவர் புறாவைப் போல் இறங்குகிறார், வானத்திலிருந்து சத்தம் உண்டாகிறது. மூன்றும் ஒரே வேளையில் நடக்கின்றன.

மூன்று இலையுள்ள கிளையைக் காட்டினால் எதிர்ப்பக்கம் சாய்வீர்கள். அங்கே ஒவ்வொரு இலையும் கிளையின் ஒரு பகுதி மட்டுமே. பிதா கடவுளின் மூன்றில் ஒரு பங்கு என்று எந்தத் திருச்சபையும் கற்பித்ததில்லை. ஆதித் திருச்சபை எழுத்தாளரான தெர்த்துல்லியன் சூரியனையும் கதிரையும், ஊற்றையும் ஆற்றையும் சொல்லிப் பார்த்தார். அவை கொஞ்சம் மேல். ஆனாலும் ஓரிடத்தில் கைவிட்டுவிடும். உதாரணங்களை மூட்டை கட்டி வைத்துவிடுங்கள்.

1 யோவான் 5:7 விஷயத்திலும் தம்பி சொன்னதே சரி. “பரலோகத்திலே சாட்சியிடுகிறவர்கள் மூவர், பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி என்பவர்களே, இம்மூவரும் ஒன்றாயிருக்கிறார்கள்” என்று நம் பழைய மொழிபெயர்ப்பில் படிக்கிறோம். பழமையான கிரேக்கக் கையெழுத்துப் பிரதிகளில் இந்த வரி இல்லை. அறிஞர் எராஸ்மஸ் 1516-லும் 1519-லும் அச்சிட்ட கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் இதைச் சேர்க்கவில்லை. எதிர்ப்பு எழுந்து, வரியுள்ள ஒரு கிரேக்கப் பிரதி அவருக்குக் காட்டப்பட்ட பிறகே 1522-ஆம் ஆண்டுப் பதிப்பில் சேர்த்தார். அங்கிருந்து பல மொழிகளுக்கும் போனது. பிரதிகளின் கணக்கைவிட எனக்குப் பெரிய சான்றாகத் தோன்றுவது வேறொன்று: நான்காம் நூற்றாண்டில் திரித்துவத்துக்காக வசனம் வசனமாகத் துருவித் தேடி வாதாடிய கிரேக்கப் பிதாக்கள், அதாவது ஆதித் திருச்சபையின் ஆசிரியர்கள், இந்த வரியை எடுத்துக்காட்டவே இல்லை. கையில் இப்படி ஓர் ஆயுதம் இருந்திருந்தால் சும்மா விட்டிருப்பார்களா?

இதைக் கேட்டுக் கலங்க வேண்டாம். 325-இல் நிசேயாவிலும் 381-இல் கொன்ஸ்தாந்திநோபிளிலும் கூடிய ஆயர் சங்கங்கள் இந்த வரியின் தயவில்லாமல்தான் தங்கள் முடிவுக்கு வந்தன. தூண் அல்லாத ஒன்றைத் தூண் என்று நினைத்துச் சாய்ந்திருந்தோம், அவ்வளவுதான்.

‘திரித்துவம்’ என்ற சொல் வேதத்தில் இல்லை என்பதும் உண்மை. ஏறக்குறைய 180-இல் அந்தியோகியாவின் தெயோபிலு கிரேக்கத்திலும், அதற்குச் சில பத்தாண்டுகளுக்குள் தெர்த்துல்லியன் இலத்தீனிலும் இதற்கான சொல்லை எழுத்தில் வைத்தார்கள். ஆனால் தம்பியின் பக்கத்தார் தங்கள் போதனைக்கு இட்ட ‘ஏகத்துவம்’ என்ற சொல்லும் வேதத்தில் இல்லையே! வேதத்தில் இல்லாத சொல் எதற்கு என்ற குறை நிசேயாவிலேயே எழுந்தது. அலெக்சந்திரியாவின் மூப்பரான ஆரியுஸ், குமாரன் சிருஷ்டிக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த காலம் ஒன்று உண்டு என்று போதித்தார். வேத வாக்கியங்களை மட்டும் வைத்தே அறிக்கை எழுதலாம் என்று பார்த்தபோது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஆரியுஸின் ஆதரவாளர்கள் தங்கள் பொருளைக் கொடுத்து ஒப்புக்கொண்டார்கள் என்று ஆரியுஸை எதிர்த்து நின்ற அத்தனாசியுஸ் பின்னாளில் விவரிக்கிறார். அதனால்தான் ‘ஹோமோஊசியோஸ்’, அதாவது பிதாவோடு ஒரே சாரம் உடையவர் என்ற வேதத்துக்கு வெளியிலுள்ள சொல் அறிக்கைக்குள் வந்தது. வேதத்தின் சொல்லை இருவரும் சொல்லி, வேறு வேறு பொருள் கொள்ளும்போது வெளியிலிருந்து ஒரு சொல் தேவைப்படுகிறது.

இனி, இந்தச் சண்டை ஏன் வந்தது என்ற இடத்துக்கு வருவோம். முதல் சீடர்கள் யூதர்கள். “இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்” என்று அன்றாடம் சொல்லி வளர்ந்தவர்கள். அவர்கள் இயேசுவை நோக்கி ஜெபித்தார்கள், அவர் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள், அவரைப் பாடித் துதித்தார்கள். ஏறக்குறைய 112-இல் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவை ஒரு தெய்வமாகப் பாவித்துப் பாடுகிறார்கள் என்று பேரரசருக்கு எழுதினார். ஒரே தேவனை விட்டுக்கொடுக்காதவர்கள் இயேசுவையும் ஆராதித்தது எப்படி?

பவுலைப் பாருங்கள். 1 கொரிந்தியர் 8:6-இல், “பிதாவாகிய ஒரே தேவன் நமக்குண்டு” என்று எழுதிய கையோடு “இயேசுகிறிஸ்து என்னும் ஒரே கர்த்தரும் நமக்குண்டு” என்கிறார். மேலே சொன்ன உபாகம வசனத்தை இதன் பக்கத்தில் வையுங்கள். ‘தேவன்’, ‘கர்த்தர்’, ‘ஒருவர்’ என்று அங்கே ஒரே மூச்சில் வரும் சொற்கள் இங்கே பிதாவுக்கும் இயேசுவுக்கும் பகிர்ந்து வைக்கப்பட்டிருக்கின்றன. ‘ஒரே’ என்பது மட்டும் இரண்டு இடத்திலும் நிற்கிறது. பவுல் இரண்டாவது தெய்வம் ஒன்றைக் கூட்டவில்லை. இஸ்ரவேலின் அறிக்கைக்கு உள்ளேயே இயேசுவை வைத்துவிட்டார். எனக்குத் திரித்துவத்தின் விதை இங்கேதான் தெரிகிறது; பனிக்கட்டியிலோ இலையிலோ தெரிந்ததில்லை.

இதே வேத வாக்கியங்களிலிருந்து வேறு முடிவுக்கு வந்தவர்களும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் குமாரனை முதல் சிருஷ்டி என்கிறார்கள். ஆரியுஸுக்கு அருகில் நிற்கிறார்கள். யூனிட்டேரியன்கள் பிதா ஒருவரே கடவுள், இயேசு அவரால் அனுப்பப்பட்ட மனிதர் என்று பெரும்பாலும் சொன்னார்கள். உங்கள் தம்பி இந்த இருவரோடும் சேர மாட்டான், நீங்களும் சேர்த்துப் பேசாதீர்கள். இயேசு முழுமையாகத் தேவன் என்பதில் அவனுக்கு உங்களைவிட அதிகப் பிடிவாதம் இருக்கும். அவன் மறுப்பது பிதாவும் குமாரனும் வேறு வேறு ஆள்தத்துவம் என்பதை மட்டுமே.

அவன் சபையின் போக்கு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. 1913-இல் லாஸ் ஏஞ்சலிஸ் அருகே நடந்த பெந்தெகொஸ்தே முகாம் கூட்டத்தில், அப்போஸ்தலர் நடபடிகளில் ஞானஸ்நானம் எல்லாம் இயேசுவின் நாமத்திலேயே கொடுக்கப்பட்டது என்று ஒரு பிரசங்கியார் சுட்டிக்காட்டினார். மத்தேயு 28:19-இல் பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் ‘நாமத்திலே’ என்று ஒருமையில் இருக்கிறதே, அந்த ஒரு நாமம் எது என்ற கேள்வி அதிலிருந்து வளர்ந்தது. இயேசு என்பதே அந்த நாமம் என்று முடிவு செய்தவர்கள் மறுபடியும் ஞானஸ்நானம் பெற்றார்கள். 1916-இல் அசெம்பிளிஸ் ஆஃப் காட் என்ற பெந்தெகொஸ்தே சபை அமைப்பு திரித்துவத்தை உறுதிப்படுத்தி அறிக்கை வெளியிட்டபோது 150-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். ஆக, தம்பியின் சபைப் போக்கு பிரிந்து வந்து ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேல்தான் ஆகிறது. கேள்விக்குத்தான் பதினெட்டு நூற்றாண்டு வயது.

அதே ‘நாமத்திலே’ என்ற ஒருமையைத்தான் திரித்துவவாதிகளும் எடுத்துக்காட்டுகிறோம், மூவருக்கும் ஒரே நாமம், ஆகவே ஒரே தேவன் என்று. ஓர் ஒருமைச் சொல் இரண்டு சபைகளுக்கும் உழைக்கிறது.

“நானும் பிதாவும் ஒன்றாயிருக்கிறோம்” என்ற வசனமும் அப்படியே. தம்பி இதை நிச்சயம் சொல்லியிருப்பான். தமிழிலேயே கவனியுங்கள்: ‘ஒருவராயிருக்கிறேன்’ என்று இல்லை, ‘ஒன்றாயிருக்கிறோம்’ என்று இருக்கிறது. வினை பன்மை, ‘ஒன்று’ அஃறிணை. கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். தெர்த்துல்லியன் தம் எதிராளியிடம் இதே இலக்கணத்தைத்தான் காட்டினார். ஆனால் நாம் இங்கே வெற்றி முழக்கம் இடுவதற்கு முன், யோவான் 17:22-இல் சீடர்களும் ‘நாம் ஒன்றாயிருக்கிறதுபோல’ ஒன்றாயிருக்க வேண்டும் என்று இயேசு ஜெபிக்கிறாரே, அப்படியானால் இது சாரத்தின் ஒற்றுமையா, சித்தத்தின் ஒற்றுமையா என்று யூனிட்டேரியன்கள் கேட்பார்கள். நல்ல கேள்விதான். இந்த ஒரு வசனத்தை வைத்து மட்டும் அவர்களுக்குப் பதில் சொல்ல முடியாது.

தம்பிக்கு எளிதில் பதில் கிடைக்காத இடங்களும் உண்டு. கெத்செமனேயில் இயேசு யாரிடம் ஜெபித்தார்? அவருடைய மனுஷத்தன்மை தேவனை நோக்கி ஜெபித்தது என்று அவன் சொல்வான். சரி, “உலகம் உண்டாகிறதற்கு முன்னே உம்மிடத்தில் எனக்கு உண்டாயிருந்த மகிமை” என்று யோவான் 17:5-இல் பேசுவது யார்? உலகம் உண்டாகுமுன் மனுஷத்தன்மை இல்லையே. மனதிலும் திட்டத்திலும் இருந்த மகிமை என்பது அவர்களுடைய விளக்கம். எனக்கு அது போதவில்லை. ‘உம்மிடத்தில் எனக்கு’ என்ற சொற்களில் இரு பக்க அன்பு இருக்கிறது. திட்டத்துக்கு அன்பு செலுத்தத் தெரியாது. நான் திரித்துவத்தில் நிற்பதற்கு ஒரு காரணம் கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

நமக்கு நெருடும் வசனங்களையும் மறைக்க வேண்டாம். “என் பிதா என்னிலும் பெரியவராயிருக்கிறார்.” அந்த நாளைக் ‘குமாரனும் அறியார்’. ‘ஒன்றான மெய்த்தேவனாகிய உம்மை’ என்று பிதாவை நோக்கியே இயேசு சொல்கிறார். திரித்துவவாதிகளிடம் இவற்றுக்கு விளக்கம் உண்டு: மனிதரான குமாரனின் தாழ்மை, பிதாவே மூலம் என்ற ஒழுங்கு. அவை விளக்கங்கள்தான் என்பதை நினைவில் வைத்தால், மறுபக்கத்து விளக்கத்தைக் கேட்கும்போது கொஞ்சம் பொறுமை வரும்.

‘மூன்று தெய்வங்கள்’ என்ற குற்றச்சாட்டு பாதிக்கு மேல் சொல்லால் வந்த வினை. ‘மூன்று ஆள்தத்துவங்கள்’ என்று நாம் சொல்லும்போது தம்பியின் காதில் ‘மூன்று ஆட்கள்’ என்று விழுகிறது. மூன்று ஆட்கள் என்றால் மூன்று மனம், மூன்று விருப்பம், தனித்தனி மூன்று பேர். அந்தப் பொருளில் மூவர் என்று நிசேயா பிதாக்கள் நினைத்ததில்லை. கிரேக்கர் பயன்படுத்திய சொல் ‘ஹிப்போஸ்தாசிஸ்’. இந்தச் சொல்லே பெரும் குழப்பத்தை உண்டாக்கியது. 325-இல் நிசேயா அறிக்கையின் முடிவில் அது ‘ஊசியா’ என்ற சொல்லுக்கு, அதாவது சாரத்துக்கு, இணைச்சொல்லாக நிற்கிறது. பிறகு சிலர் ‘மூன்று ஹிப்போஸ்தாசிஸ்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். மற்றவர்களுக்கு அது மூன்று சாரம், மூன்று தெய்வம் என்று கேட்டது. ‘ஒரே ஹிப்போஸ்தாசிஸ்’ என்று இவர்கள் சொன்னபோது அவர்களுக்கு அது சபெல்லியுஸாகக் கேட்டது.

362-இல் அலெக்சந்திரியாவில் அத்தனாசியுஸ் ஒரு சங்கத்தைக் கூட்டினார். ஐந்து முறை நாடுகடத்தப்பட்ட மனிதர். விட்டுக்கொடுக்கிறவர் என்று அவருக்குப் பெயர் கிடையாது. ஆனால் அன்று செய்த காரியம் எளிமையானது. மூன்று என்றவர்களிடம், மூன்று தெய்வம் என்கிறீர்களா என்று கேட்கப்பட்டது. இல்லை என்றார்கள். ஒன்று என்றவர்களிடம், குமாரனும் ஆவியானவரும் வெறும் பெயர்கள் என்கிறீர்களா என்று கேட்கப்பட்டது. அவர்களும் இல்லை என்றார்கள். இரு தரப்பும் ஒரே விசுவாசத்தையே சொல்கின்றன என்று ஒப்புக்கொண்டு பிரிந்தார்கள். நீங்களும் தம்பியும் இந்த இரண்டு கேள்விகளையும் ஒருவரையொருவர் கேட்டுப் பாருங்கள். உங்கள் விஷயத்தில் பதில்கள் முழுவதும் ஒத்துவராது. அலெக்சந்திரியாவில் இருந்ததைவிட உங்களிடையே உள்ள வித்தியாசம் பெரியது. ஆனால் எங்கே உண்மையான வித்தியாசம், எங்கே வெறும் காது மயக்கம் என்றாவது தெரிந்துவிடும்.

வீட்டுக்குள் வேதாகமச் சண்டை புதிதல்ல. 383-இல் நீசாவின் ஆயர் கிரகோரி கொன்ஸ்தாந்திநோபிளைப் பற்றி அலுத்துக்கொள்கிறார்: சில்லறை மாற்றக் கேட்டால் பிறந்தவர், பிறவாதவர் என்று பேசுகிறார்கள், ரொட்டி விலை கேட்டால் பிதா பெரியவர் என்கிறார்கள், குளிக்க வெந்நீர் தயாரா என்றால் குமாரன் ஒன்றுமில்லாமையிலிருந்து வந்தார் என்று பதில் வருகிறது. படிக்கும்போதெல்லாம் சிரிப்பு வருகிறது. இதே விஷயத்துக்காக 1553 அக்டோபர் 27 அன்று ஜெனீவாவில், திரித்துவத்தை மறுத்த மிகுவேல் செர்வேத்துவை உயிரோடு எரித்தார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடுகிறது. உங்கள் கணவர் கதவைச் சாத்தியது மட்டும்தான். இருந்தாலும் அதைத் திறக்கச் சொல்லுங்கள்.

சேர்ந்து ஜெபிப்பதைப் பற்றி உங்கள் போதகரோடு நான் முரண்படுகிறேன். சபை ஆராதனை வேறு; அங்கே சபைக்கு ஓர் அறிக்கை உண்டு, அதைக் காக்கும் பொறுப்பு அவருடையது. வீட்டு ஜெபத்துக்கு அந்தச் சட்டம் எதற்கு? செசரியாவின் ஆயர் பேசில் ஏறக்குறைய 375-இல் பரிசுத்த ஆவியானவரைப் பற்றி ஒரு முழு நூல் எழுதினார். பிதாவோடும் குமாரனோடும் சமமாக ஆவியானவரும் மகிமைப்படத் தக்கவர் என்று நூல் முழுவதும் நிறுவுகிறார். ஆனால் ‘தேவன்’ என்ற பெயரை நேரடியாக ஆவியானவருக்கு இடாமலே எழுதி முடித்தார். தயங்கி நின்றவர்களை வார்த்தையால் வெட்டிவிடக் கூடாது என்று அவர் அடக்கி வாசித்ததாக அவர் நண்பர் நசியான்சுஸின் கிரகோரி பிறகு எடுத்துச் சொன்னார். பேசிலுக்கு இருந்த அந்த அடக்கம் உங்கள் குடும்ப ஜெபத்துக்குப் போதும். ‘கர்த்தாவே’ என்று தொடங்குங்கள். தம்பியும் அதே சொல்லில்தான் தொடங்குவான். அவன் முறை வரும்போது திருத்தாதீர்கள். உங்கள் முறையில் அவனும் திருத்தக் கூடாது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

ஞானஸ்நானத்துக்கு வருகிறேன். ‘பன்னிரு அப்போஸ்தலரின் போதனை’ என்ற மிகப் பழைய கைநூல் ஒன்று உண்டு. முதல் நூற்றாண்டின் முடிவையோ அடுத்ததன் தொடக்கத்தையோ சேர்ந்தது என்று பலரும் கருதுகிறார்கள். அதன் ஏழாம் அதிகாரம், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் கொடுங்கள் என்கிறது. ஒன்பதாம் அதிகாரம், கர்த்தருடைய நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் மட்டுமே திருவிருந்தில் பங்குபெறட்டும் என்கிறது. அதே நூல், இரண்டு அதிகார இடைவெளி. எழுதியவருக்கு இரண்டும் ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றவே இல்லை. நடபடிகளில் ‘இயேசுவின் நாமத்தில்’ என்பது தண்ணீரில் உச்சரித்த வாசகமா, யாருடையவர்களாகிறோம் என்பதன் சுருக்கமா என்று இன்றும் வாதிடலாம். 314-இல் ஆர்ல் நகரில் கூடிய சங்கம், பிதா குமாரன் பரிசுத்த ஆவியின் நாமத்தில் ஞானஸ்நானம் பெற்றுப் பிரிந்த கூட்டத்திலிருந்து வருகிறவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டாம், கைகளை வைத்து ஏற்றுக்கொள்ளுங்கள் என்றது. கத்தோலிக்கத் திருச்சபையும் பெரும்பாலான பழைய சபைகளும் அந்த வழியிலேயே நடக்கின்றன. அந்தக் கணக்கில் உங்கள் அம்மா பெற்றது செல்லும். தம்பியின் சபை இதை ஏற்காது. பல திரித்துவச் சபைகளும் அவர்கள் கொடுப்பதை ஏற்பதில்லை. இந்த விஷயத்தில் இரு தரப்பும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் அல்லர்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தம்பி சொல்வது இருக்கிறது, போதகர் சொல்வது இருக்கிறது, கணவர் சொன்னது இருக்கிறது. ஞானஸ்நானம் அம்மாவுடையது, அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. தம்பி இல்லாத நேரத்தில், நீங்களும் வாதாடாமல், அவர் ஞானஸ்நானம் பெற்ற நாளைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். அவர் சொல்வதை வைத்து மறுபடியும் எழுதுங்கள்.